அலுமினியப் படகில் பிளக் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் சின்ன லேத் பட்டறை நடத்துகிறேன். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் சரிசெய்வதும் தோல் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு புஷ் கடைந்து கொடுப்பதும்தான் பிழைப்பு. படகு வேலை தானாக வந்து சேர்ந்தது. ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த ஒருவர் பழைய 12 அடி அலுமினியப் படகை மினி லாரியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, "பிளக் ஒழுகுகிறது, பாருங்கள்" என்றார். பிளக் என்பது படகின் அடியில் உள்ள வடிகால் துளையை மூடும் அடைப்பான். ஒழுகியது பிளக் இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளில் தப்பாகச் செய்தவற்றையும், பிறகு வந்தவர்கள் கேட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

நீரில்லாத ஆறு என்று கிண்டல் செய்யப்படும் ஊரில் படகு எதற்கு?

கிண்டல் செய்பவர்கள் ஏரிகளை மறந்துவிடுகிறார்கள். வடஆற்காடு ஆற்றை நம்பிய சீமை இல்லை, ஏரியை நம்பிய சீமை. வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்தால் அது பார்ப்பதற்குக் கடல்போலத்தான் இருக்கும். குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை, ஏலகிரியில் புங்கனூர் ஏரி, முன்பு நம் மாவட்டத்திலேயே இருந்த சாத்தனூர் அணை என்று படகு மிதக்க இடம் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது படகு இல்லையே என்று தவித்த தெருக்களும் இருந்தன. நம் பக்கம் பரிசலும் ஃபைபர் படகும்தான் அதிகம், அலுமினியம் குறைவு. அதனாலேயே அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு.

படகின் அடியில் வேண்டுமென்றே யாராவது ஓட்டை போடுவார்களா?

போடுவார்கள். படகுக்குள் சேரும் மழைநீரையும் மீன் கழுவிய தண்ணீரையும் கரையில் ஏற்றிய பிறகு வெளியேற்ற வேண்டும். 12 அடிப் படகைக் கவிழ்த்துக் கொட்டுவதென்றால் நான்கு ஆள் தேவை. அதற்காகப் பின்பக்கத் தகட்டின் அடியில் ஒரு துளை வைத்து, அதில் மரை (திருகு வரி) உள்ள வளையம் ஒன்றைப் பொருத்தி, அந்த வளையத்தில் பிளக்கைத் திருகி மூடுகிறார்கள். ஏரிக்கு மதகு எதுவோ படகுக்கு இது அது. மதகு உள்ளே இருக்கும் தண்ணீரைக் காக்கிறது, இது வெளியே இருக்கும் தண்ணீரைத் தடுக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வளையத்தை நாங்கள் சாக்கெட் என்போம். கீழே வரும் பதில்களில் பிளக் வேறு, சாக்கெட் வேறு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

கொஞ்சம்தான் கசிகிறது. அப்படியே விடலாமா?

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர். சொம்பால் மொண்டு ஊற்றிவிடலாம், ஆபத்து இல்லை. ஆனால் பிளக் கழன்றே போனால் கதை வேறு. தண்ணீர் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே அரை அங்குலத் துளை திறந்திருந்தால் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் உள்ளே வரும். ஒரு அங்குலத் துளை என்றால் நிமிடத்துக்கு முப்பது லிட்டர், அதாவது இரண்டு குடம். கசிவு என்பது சாக்கெட் தளர்கிறது என்பதற்கான முதல் அறிகுறி. ஆடும் சாக்கெட் ஆடிக்கொண்டே இருக்காது, ஒருநாள் கையோடு வந்துவிடும்.

பிளக்தான் ஒழுகுகிறது என்று எப்படி உறுதி செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே எல்லாரும் பசை வாங்கக் கடைக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

தண்ணீரில் மிதக்கும் படகில் கசிவைத் தேடாதீர்கள். உள்ளே வந்த தண்ணீர் தகட்டோடு ஓடி, படகின் மிகத் தாழ்ந்த இடத்தில் தேங்கும். அந்த இடத்தில்தான் பிளக் இருக்கிறது. ஆகவே எங்கிருந்து கசிந்தாலும் பழி பிளக்கின்மேல்தான் விழும்.

படகைக் கரையேற்றி, இரண்டு கட்டைகளின்மேல் நிதானமாக உட்காரவையுங்கள். மூக்குப் பக்கம் இரண்டு செங்கல் உயரம் கூடுதலாக இருக்கட்டும். வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, பிளக்கைச் சுற்றிப் பின்பக்கத் தகடு முழுவதும் கோலமாவைத் தூவித் தேய்த்துவிடுங்கள். பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். பின்பக்கம் மட்டும் ஒரு சாண் தேங்கினால் போதும். படகு நிறைய ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, கட்டையின்மேல் நிற்கும் தகடு அத்தனை கனத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. இப்போது வெளியே வந்து, கீழே குந்தி உட்கார்ந்து பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே வருகிற வழியில்தான் உள்ளிருந்து வெளியே போகும். மாவு ஈரமாகிக் கறுத்துக் காட்டும்.

அன்று எங்கள் பட்டறைப் பையன்தான் முதலில் பார்த்தான். "அண்ணே, பிளக் காய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் பாருங்கள்" என்றான். சாக்கெட்டைத் தகட்டோடு பிடித்திருக்கும் மூன்று ரிவெட்டில், இடது பக்கத்து ரிவெட்டின் தலையைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு காசு அளவுக்கு விரிந்து, கீழ்ப்பக்கம் நீண்டு, ஒரு சொட்டு விழுந்தது. அதற்கு முன் பிளக்கில் நான் சுற்றிய டேப், போட்ட வாஷர், செலவழித்த நான்கு நாள் எல்லாம் அந்தச் சொட்டோடு போயின.

கறுப்பு எங்கே தோன்றுகிறது என்பதைப் பொறுத்து வேலை மூன்று வகை. பிளக்கின் விளிம்பிலிருந்து வந்தால் மரையோ வாஷரோ கெட்டிருக்கிறது. சாக்கெட்டின் வெளி விளிம்பிலிருந்தோ அதன் ரிவெட்டிலிருந்தோ வந்தால் சாக்கெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். இரண்டும் இல்லாமல் பக்கத்து மடிப்பிலோ பற்றவைப்பிலோ வந்தால் பிளக்கை விட்டுவிடுங்கள், அது தகட்டு வேலை. நான் பார்த்தவற்றில் இரண்டாவது வகைதான் மிக அதிகம்.

பிளக்கிலேயே கசிகிறது. என்ன செய்வது?

முதலில் கழற்றி மரையைப் பாருங்கள். மணல் ஒரு துணுக்கு சிக்கியிருந்தாலே கசியும். ஏரிக்கரையில் பிளக்கைக் கழற்றித் தரையில் வைப்பவர்களுக்கு இது நிச்சயம் நேரும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பிளக்கையும் சாக்கெட்டின் உட்புறத்தையும் தேயுங்கள். பித்தளைப் பிளக் களிம்பேறியிருந்தால் புளி போட்டு விளக்கலாம். வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதுதான். ஆனால் பிளக்கைத் தனியே எடுத்து விளக்குங்கள், புளிக்கரைசலை அலுமினியத்தின்மேல் ஊற வைக்க வேண்டாம்.

பிளக்கின் மரை இரண்டு விதம். நுனி பக்கம் சற்றே சிறுத்துக் கூம்பாக இருந்தால் மரையே இறுகி அடைத்துக்கொள்ளும். அதற்கு டெஃப்லான் டேப் மூன்று நான்கு சுற்று போதும். நுனியை உங்கள் பக்கம் வைத்துப் பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் டேப்பைச் சுற்றுங்கள், மாற்றிச் சுற்றினால் திருகும்போதே உரிந்து வந்துவிடும். மரை மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனாக இருந்தால் டேப்பால் பயனில்லை. அங்கே அடைப்பது தலைக்கடியில் இருக்கும் ரப்பர் வாஷர்தான். அது தட்டையாகி வெடித்திருந்தால் புதிதாகப் போடுங்கள்.

எதுவாக இருந்தாலும் கையால் இறுக்கியபின் ஸ்பேனரில் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. அதற்குமேல் முறுக்கினால் அலுமினிய மரை உரிந்துவிடும். ஒழுகினால் இன்னும் இறுக்கு என்பது நம் ஆட்களின் ரத்தத்தில் ஊறிய வைத்தியம். மரை கழன்றது பிளக்குக்கா, இறுக்கியவருக்கா என்று சொல்வது கடினம்.

பிளக் தொலைந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் அதே அரை அங்குல பிளக் வாங்கினேன். நன்றாக ஏறுகிறது, ஆனாலும் ஒழுகுகிறது. ஏன்?

வெளிநாட்டு அளவில் செய்த படகாக இருந்தால் அதன் சாக்கெட் பெரும்பாலும் அமெரிக்கக் குழாய் மரையாகிய என்பிடி. நம் கடைகளில் கிடைக்கும் குழாய்ச் சாமான் பெரும்பாலும் பிரிட்டிஷ் குழாய் மரையாகிய பிஎஸ்பி. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் கையில் திருகினால் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் என்பிடியில் 60 டிகிரி, பிஎஸ்பியில் 55. பல்லோடு பல் முழுதாகப் படியாது, இடுக்கில் தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்துவிடும். ஒரு அங்குல அளவில் இந்த ஏமாற்று இல்லை. அங்கே ஒன்று பதினொன்றரை மரை, மற்றது பதினொன்று, இரண்டு மூன்று சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும்.

தற்காலிகத்துக்கு டேப்பைத் தாராளமாகச் சுற்றி ஓட்டலாம். நிரந்தரத்துக்கு, பழைய பிளக் ஒன்றையோ சாக்கெட்டையோ லேத்துக்குக் கொண்டுபோய் அதே கோணத்தில் நைலானில் ஒரு பிளக் கடைந்து வாங்குங்கள். நைலான் துருப்பிடிக்காது, அலுமினியத்தோடு சண்டையும் போடாது. ஒன்று கடையும்போதே இரண்டாகக் கடைந்துகொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பாகிய ஜிஐ பிளக்கை மட்டும் நீண்ட நாள் விட்டுவைக்காதீர்கள். துத்தநாகப் பூச்சு போனதும் துருப்பிடித்து உள்ளேயே செத்துவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சாக்கெட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. உப்பா?

உப்பு இல்லை, உங்கள் படகு. அரிக்கப்பட்ட அலுமினியம்தான் அப்படி வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது.

பல படகுகளில் சாக்கெட் பித்தளையாக இருக்கும். பித்தளையும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தண்ணீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியில் கரைவது அலுமினியம். பித்தளை சௌகரியமாக இருக்கும். நல்ல தண்ணீரில் இது மெதுவாக நடக்கும், உப்புத் தண்ணீரில் வேகமாக நடக்கும். நம் ஊர் ஏரி நல்ல தண்ணீர்தானே என்பீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வழியாக வரும் பாலாற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மறந்துவிட வேண்டாம். பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன்மேல் உப்பைக் கொட்டி வைப்பார்கள். பதனிடுவதற்கு முன் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீருக்குப் போகிறது. இந்தக் கழிவு விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்தது எல்லாருக்கும் தெரியும். கடலே இல்லாத மாவட்டத்தில் கடற்கரைப் படகின் நோய் வருவதற்குக் காரணம் இதுதான். கிணற்று நீரை வாயில் வைத்தால் கரிக்கிற ஊராக இருந்தால், அந்த நீரில் படகைக் கழுவி அப்படியே காயவிடுவதும் நல்லதல்ல.

பொடி மேலாக மட்டும் இருந்தால் சாக்கெட்டை மாற்றினால் போதும். குச்சியால் குத்தினால் தகடு பொருபொருவென்று உள்வாங்கினால், அரித்த இடத்தை மூடும்படி 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை உள்பக்கம் வைத்து, அதன் வழியாகப் புதுச் சாக்கெட்டைப் பொருத்த வேண்டும். புதுச் சாக்கெட் அலுமினியமாகவோ கெட்டியான பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு மறுபடி பித்தளை வேண்டாம்.

சாக்கெட்டைக் கழற்றி மாற்றுவது எப்படி?

ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். சித்திரை வெயிலில் மதியம் செய்யாதீர்கள். வேலூரில் தகடு கை வைக்க முடியாமல் கொதிக்கும், பசையும் பூசி முடிப்பதற்குள் மேலே தோல் கட்டிவிடும்.

பழைய ரிவெட்டின் தலைக்கு நடுவே ஒரு குத்து குத்திவிட்டு, ரிவெட்டின் கால் என்ன கனமோ அதே அளவு டிரில் பிட்டால், பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர், மெதுவாகத் துளையுங்கள். தலை மட்டும் பிட்டில் மோதிரம்போல ஏறிச் சுழலத் தொடங்கும். அங்கேயே நிறுத்துங்கள். மேலும் அழுத்தினால் தகட்டின் துளை பெரிதாகிவிடும். மீதியை உள்பக்கமாகத் தட்டி வெளியேற்றுங்கள். சாக்கெட் பழைய பசையில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். மெல்லிய பட்டிக் கரண்டியைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து எழுப்புங்கள். உளியை வைத்து நெம்பினால் தகடு வளையும், வளைந்த தகட்டில் எந்தச் சாக்கெட்டும் உட்காராது.

அடுத்தது சுத்தம். இந்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். பழைய பசை துளிகூட இருக்கக் கூடாது. வெள்ளைப் பொடியை உப்புக் காகிதத்தால் தேய்த்து, கீழே வெள்ளி நிறத் தகடு தெரியும்வரை கொண்டுவாருங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து பின்னால் தொல்லை கொடுக்கும். அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வராமல் நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். பீடியைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

பசை போடாமல் புதுச் சாக்கெட்டை ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஆடாமல் உட்கார்ந்தால் எடுத்து, அதன் விளிம்பின் பின்புறத்திலும் ஒவ்வொரு ரிவெட் துளையைச் சுற்றியும் சீலன்ட்டை, அதாவது நீர் புகாமல் அடைக்கும் பசையை, இடைவெளியில்லாமல் ஒரு வளையமாகப் போடுங்கள். பிறகு வைத்து அழுத்துங்கள். விளிம்பு முழுவதும் மெல்லிய கோடாகப் பசை பிதுங்க வேண்டும். ஓரிடத்தில் பிதுங்கவில்லை என்றால் அங்கே பசை போதவில்லை என்று பொருள். கழற்றி மறுபடி போடுங்கள், வெளியிலிருந்து தடவி ஏமாற்ற வேண்டாம்.

ரிவெட் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் பாப் ரிவெட்டின் நடுவே துளை இருக்கும். அதை அடித்தால் ஒரு ஓட்டையை மூட மூன்று ஓட்டை போட்டதாகிவிடும். முனை மூடிய அலுமினிய ரிவெட் என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றையும் சீலன்ட்டில் முக்கி எடுத்துத் துளையில் வைத்து அடியுங்கள். மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு அடிக்கத் தொடங்குவது நல்லது. ஒன்றை அடித்து முடித்தபின் மற்றத் துளை நேராக இல்லை என்றால் மறுபடி டிரில்லில் தொடங்க வேண்டும்.

எந்த சீலன்ட்?

படகுக்கான பாலியூரித்தேன் சீலன்ட். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பயன்படுத்தலாம் என்று உறையில் எழுதியிருக்க வேண்டும். நிரந்தரமாக ஒட்டுவது, பின்னால் கழற்றக்கூடியது என்று இரண்டு வகை உண்டு. நான் இரண்டாவதைத்தான் போடுகிறேன். எந்தச் சாக்கெட்டும் ஒருநாள் கழற்றப்பட வேண்டியதுதான், அன்று அதைக் கழற்றப்போகிறவனும் நானாகத்தான் இருப்பேன்.

குளியலறைக்குப் பூசும் சாதாரண சிலிக்கான் வேண்டாம். டியூபைத் திறந்ததும் மூக்கில் ஏறும் புளிப்பு வாடை அசிட்டிக் அமிலம், வினிகரின் வாடை. காயும்போது அது உலோகத்தை அரிக்கும். அதோடு, சிலிக்கான் தடவிய இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது.

பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. இரண்டு தகட்டுக்கு நடுவே இருக்கும் பசைக்கு அந்த ஈரம் ஓரத்திலிருந்து மெல்லத்தான் போய்ச் சேரும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். ஒரு வாரம் படகைத் தொடாதீர்கள். மீன்பிடிக்கு ஆள் காத்திருக்கிறது என்றால் வேறு படகு தேடட்டும்.

பிசைந்து ஒட்டும் எப்பாக்சி, தார், சிமெண்டு?

எப்பாக்சி கல்லாக இறுகும். அலுமினியமோ வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும், அலையில் நெளியும். சில வாரங்களில் ஓரத்தில் விரிசல் விட்டு, ஒட்டிய கட்டி ஒட்டியபடியே இருக்க, அதன் அடியில் தண்ணீர் போகும். தார் வெயிலில் உருகும். சிமெண்டு வைத்த படகு ஒன்றையும் பார்த்தேன். சுண்ணாம்புக் காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும் என்று வைத்தவருக்குத் தெரியவில்லை. கொத்திப் பெயர்த்தபோது தகடும் சேர்ந்து வந்தது.

சாக்கெட்டே வேண்டாம், துளையைப் பற்றவைத்து மூடிவிடலாமா?

மூடலாம், மழைக்குப் பின் தண்ணீரை மொண்டு ஊற்றும் பொறுமை இருந்தால். ஆனால் அது ஆர்கான் வாயுவை வைத்துப் பற்றவைக்கும் டிக் வெல்டிங் தெரிந்தவரின் வேலை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதன்மேல் இருக்கும் ஆக்சைடு படலமோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று ஓட்டையாகிக் கீழே விழும். கேட் கம்பி பற்றவைப்பவரிடம் கொடுத்தால் அரை அங்குலத் துளை ஐந்து அங்குலமாகித் திரும்பி வரும். இருக்கைக்கடியில் தெர்மோகோல் மாதிரி நுரைக்கட்டி இருந்தால் அதை எடுக்காமல் பக்கத்தில் நெருப்பைக் காட்டவே கூடாது.

என் படகில் மரை இல்லை. லீவரை மடக்கினால் இறுகும் ரப்பர் பிளக்.

அதில் ஒழுகினால் லீவரைத் தூக்கி, கடிகார முள் திசையில் ஒரு சுற்று சுற்றி மறுபடி மடக்கிப் பாருங்கள். ரப்பர் இன்னும் சற்று உப்பிப் பிடிக்கும். ரப்பரில் கீறல் விட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். படகு கரையில் கிடக்கும் மாதங்களில் பிளக்கைக் கழற்றி நிழலில் வையுங்கள். இறுக்கிய நிலையில் கோடை முழுவதும் வெயிலில் கிடந்த ரப்பர் அந்த வடிவத்திலேயே இறுகி உயிரை விட்டுவிடும்.

ஏரி நடுவில் திடீரென்று தண்ணீர் ஏறினால்?

பிளக்கைக் கழற்றிப் பார்க்காதீர்கள். சிரிக்க வேண்டாம், கழற்றிப் பார்த்தவர் இருக்கிறார். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பாரத்தையும் ஆட்களையும் மூக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். பின்பக்கம் தூக்கினால் துளைக்கு மேலே நிற்கும் தண்ணீர் குறையும், வரத்தும் குறையும். பிளக் இல்லாமலே போயிருந்தால் துண்டைக் கிழித்து முறுக்கி உள்ளேயிருந்து திணியுங்கள். கூம்பாகச் சீவிய வேப்பங்கட்டை ஒன்று இருக்கைக்கடியில் எப்போதும் கிடந்தால் இன்னும் நல்லது. ஈரத்தில் மரம் ஊறி உப்பித் தானே பிடித்துக்கொள்ளும். பிறகு கிட்ட இருக்கும் கரைக்குப் போங்கள், புறப்பட்ட கரைக்கு இல்லை.

பிளக்கைப் போட மறந்து படகைத் தள்ளிவிட்டேன். இப்படி வேறு யாராவது செய்திருக்கிறார்களா?

சொந்தப் பட்டறையில் ஒரு வாரம் உட்கார்ந்து சாக்கெட்டை மாற்றி, கோலமாவு தூவிச் சோதித்து, ஒரு சொட்டுகூட இல்லை என்று பையனிடம் பெருமை பேசிவிட்டு, சோதனைத் தண்ணீரை வடிக்கக் கழற்றிய பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனவன் நான். முழங்கால் ஆழத்திலேயே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பிளக்கை ஒரு முழம் நைலான் கயிற்றால் துடுப்பின் பிடியோடு கட்டி வைக்கிறேன். துடுப்பைக் கையில் எடுத்தால் பிளக் வந்து முட்டியில் இடிக்கும்.